ஒளியால் உருவம் செய்வோர்

(யூபிலி ஆண்டுத் தொடக்கத்தில் கூடிய பங்கு மக்கள் கூட்டத்தில், விழாக் குழுவின் மின் அலங்காரப் பிரிவினர் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது ஒரு கணக்குத்தான். இந்த யூபிலிக்கு மின் அலங்காரச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். தொகையைச் சொல்லிவிட்டு அமர்ந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ரெடிமேடாக வரும் எல்.இ.டி. பலகைகளை வாடகைக்கு எடுத்து நிறுத்துவதா, அல்லது ஒரே ஓர் உருவத்தையாவது நம் கையால் நாமே செய்வதா என்ற கேள்வி பேரவையில் எழுந்து, இரு பக்கமும் நியாயம் பேசப்பட்டிருக்கிறது. ஆகவே, ஒளியால் ஓர் உருவம் செய்வதென்றால் அது எப்படிப்பட்ட வேலை, செய்தவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதை முதலில் உங்கள் முன் வைத்துவிட்டு, பிறகு எங்கள் யோசனையைச் சொல்ல விழைகிறோம்.

பழவேற்காட்டு மகிமை மாதா திருவிழாவிற்கோ வேளாங்கண்ணிக்கோ போய் வராத குடும்பம் நம் பங்கில் இராது. அங்கெல்லாம் சாலையின் குறுக்கே உயர்ந்து நிற்கும் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கிறோம். சக்கரம் சுழலும், பூ விரியும், மயில் தோகையை விரித்து மடக்கும். நாமும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிள்ளைக்குப் பலூன் வாங்கப் போய்விடுகிறோம். அதைச் செய்தவர் யார் என்று கேட்பதில்லை. பந்தலுக்குப் பின்னால் மரப்பெட்டியின் மேல் துண்டை விரித்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து படுத்திருக்கிறாரே, பெரும்பாலும் அவர்தான்.

இந்தியாவில் இந்த வேலைக்கென்றே பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டு. வங்காளத்தில், கல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் சந்தன்நகர். பழைய தமிழ்ப் புத்தகங்களில் சந்திரநாகூர் என்று எழுதியிருக்கும். நம் புதுச்சேரியைப் போலவே அதுவும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். புதுச்சேரியிலிருந்த கவர்னருக்கு உட்பட்டே இருந்தது. 1950இல் இந்திய அரசின் நிர்வாகத்திற்கு வந்து, 1954இல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. 1884இல் எழுந்த இயேசுவின் திரு இருதய ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, துர்க்கா பூசை முடிந்து ஒரு மாதம் கழித்து அங்குள்ள இந்துப் பெருமக்கள் கொண்டாடும் ஜகத்தாத்ரி பூசை. கடைசி நாள் இரவு உருவங்களை ஆற்றில் கரைக்கக் கொண்டுபோகும் ஊர்வலத்தில், லாரி லாரியாக ஒளி உருவங்கள் வரும். ஒவ்வொரு லாரியோடும் ஜெனரேட்டர் வரும். வங்காளத்தார் விடிய விடிய நின்று பார்ப்பது பாதி பூசைக்காக, பாதி விளக்குக்காக.

அவ்வூரில் இக்கலைக்கு வழிவகுத்தவர் என்று எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்ரீதர் தாஸ். பள்ளிப் பருவத்திலேயே விளக்கு வேலையில் இறங்கியவர். அவருக்கு முன்பும் திருவிழாக்களில் விளக்கு உண்டு; வெளிச்சத்திற்காக வரிசையாகக் கட்டிய விளக்கு. சின்னஞ்சிறு பல்புகளைக் கொண்டு படம் வரைந்து, அந்தப் படத்தை ஓட வைத்து, அதையே ஊரின் தொழிலாக்கிய தலைமுறையில் முதல் பெயராக அவர் பெயர் வருகிறது. அவர் கையால் பழகியவர்களும், அவர்களிடம் பழகியவர்களுமாகப் பட்டறைகள் பெருகின. கல்கத்தாவின் துர்க்கா பூசைப் பந்தல்களுக்கு இன்றும் இங்கிருந்துதான் விளக்குப் போகிறது.

அந்தப் பட்டறை வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம், பொறுத்தருள வேண்டும். ஏனென்றால் நம் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் காகிதத்தில் படம். ஓடும் குதிரை என்று வைத்துக்கொள்வோம். அதைத் தரையில் சாக்கட்டியால் பெரிதாக்கிக் கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து வளைத்துக் கட்டுவார்கள். இரும்புக் கம்பி வந்தது பிற்பாடு. மூங்கில் மீது பல்புகளை நெருக்கமாகப் பொருத்துவார்கள். நிறம் வேண்டுமென்றால் பல்பின் மேல் வண்ணக் கண்ணாடித் தாள் சுற்றுவார்கள், அல்லது சாயத்தில் தோய்ப்பார்கள். இதுவரை கைவேலை. இனிமேல்தான் மூளை வேலை.

அந்தப் பல்பு ஏறக்குறைய 6 வோல்ட் தாங்கும். நம் வீட்டுக்கு வரும் கரண்டோ 230 வோல்ட். ஒரு பல்பை நேரே கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும். ஆகவே 38 பல்புகளை ஒன்றன் வாலை ஒன்று பிடித்ததுபோல் வரிசையாக இணைத்தால், 230 வோல்ட்டை அவை தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். நாம் வழக்கமாகச் சொல்லும் 'சீரியல் செட்' என்ற பெயருக்கே இந்தத் தொடர் இணைப்புத்தான் காரணம். 30 பல்பு போட்டால் பளீரென்று எரிந்து சீக்கிரம் சாகும். 45 போட்டால் மங்கலாக எரியும், நெடுநாள் வரும். ஒன்று போனால் வரிசை முழுவதும் இருண்டுவிடும். ஏணி மேல் ஏறி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த தம்பிமாருக்கு இதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

இதன் விளைவு என்ன? ஓவியர் கோடு கோடாக நினைக்கிறார். கரண்டு முப்பத்தெட்டு முப்பத்தெட்டாக நினைக்கிறது. குதிரையின் பிடரிக்கு 20 பல்பு போதும் என்றால் மிச்சம் 18ஐ எங்கே வைப்பது? பிடரி எரியும்போதே எரிந்து, அது அணையும்போதே அணையவேண்டிய வேறோர் இடத்தை அந்தப் படத்திலேயே தேட வேண்டும். ஒருவேளை வால் நுனி. ஒருவேளை கண். அப்படி இடம் கிடைக்காவிட்டால் படத்தையே மாற்றி வரைய வேண்டும். நல்ல வேலைக்காரரின் படத்தில் பிடரியும் வாலும் ஒரே மூச்சில் அசைவது அழகுக்காக மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

குதிரையை ஓட வைப்பது உருளை. ஒரு மர உருளை. அதன் மேல் செம்புத் தகட்டுத் துண்டுகளை அறைந்திருப்பார்கள். உருளையைத் தொட்டும் தொடாமலும் வரிசையாக உலோக நாக்குகள். ஒவ்வொரு நாக்கும் ஒரு வரிசைப் பல்புக்குப் போகும். மோட்டார் உருளையைச் சுற்றும்போது தகடு நாக்கைத் தொட்டால் அந்த வரிசை எரியும்; மரம் வந்தால் அணையும். நீளமான தகடு நீண்ட நேரம். குட்டையான தகடு ஒரு கண்சிமிட்டல். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஜக்கார்டு பெட்டியில் அட்டையின் ஓட்டை எந்த இழை எழும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறதே, அதே சூட்சுமம். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு பட்டுக்குச் செய்ததை, சந்தன்நகரத்தார் விளக்குக்குச் செய்தார்கள். கவனியுங்கள், அந்த உருளையிலும் வெறும் மரம் இருக்கும் இடம்தான் அதிகம். தகடு அடிக்காமல் விட்ட இடத்தில்தான் ஓட்டம் பிறக்கிறது.

குதிரைக்குக் கால் எத்தனை? நான்கு நிலைகளில் ஓட வேண்டுமென்றால் பதினாறு கால் கட்ட வேண்டும். பகலில் அந்த மூங்கில் கூட்டைப் பார்த்தால் வயிற்றுக்குக் கீழே முட்புதர் போலிருக்கும். இரவில் ஒரு நேரத்தில் நான்கு கால் மட்டும் எரியும். மற்றப் பன்னிரண்டும் இருட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். எரிந்து அணைந்த காலுக்கும் அடுத்து எரியும் காலுக்கும் நடுவில் நம் கண் தானாகவே ஓர் ஓட்டத்தை நிரப்பிக்கொள்கிறது. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் 1912இல் இதை ஆராய்ந்து எழுதினார். நிற்கும் இரு கோடுகளைத் தக்க இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால், பார்ப்பவர் ஒரே கோடு நகர்வதாகக் காண்கிறார். குதிரை ஓடுவது மூங்கிலில் அல்ல, நம் தலைக்குள்.

ஆகவே இந்தக் கலைஞரின் சரக்கு பல்பு அன்று, இருட்டு. எங்கே எரியக்கூடாது, எப்போது எரியக்கூடாது என்பதே அவருடைய படிப்பு. நமக்கும் இது தெரியாததல்ல. பாஸ்கா இரவில் கோவிலின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அல்லவா ஒரே ஒரு திரியை உள்ளே கொண்டுவருகிறோம்? அந்த நேரத்தில் யாராவது மறதியாக வாசல் டியூப் லைட்டைப் போட்டுவிட்டால் கோவிலே திரும்பி முறைக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிப்காட்டு வாசல்களில் விடிய விடிய எரியும் விளக்குகளைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, வெளிச்சம் ஏராளம், இருட்டுத்தான் அரிதாகிவிட்டது. இது எங்கள் குழுவின் பழைய புலம்பல், நிற்க.

பிறகு எல்.இ.டி. வந்தது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் மட்டும் பல காலம் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளையும் இல்லை. பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. மின்செலவு வெகுவாகக் குறைந்தது, சூடு குறைந்தது, பல்பு மாற்றும் வேலை குறைந்தது. சந்தன்நகரமும் மாறியது. உருளை போய், கம்ப்யூட்டரில் எழுதிய நிரல் வந்தது. தட்டையாக நின்ற படங்கள் நாலாபுறமும் பார்க்கத்தக்க சிலைகளாக எழுந்தன. இவை எல்லாம் நன்மையே. இல்லை என்று வாதாட நாங்கள் வரவில்லை. ஆனால் எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் ஒரே மயில், ஒரே நட்சத்திரம், ஒரே நீரூற்று அட்டைப்பெட்டியில் வந்து இறங்கவும் இதுவே வழி செய்தது. அந்த மயிலுக்கு ஆரணியும் தெரியாது, அயர்லாந்தும் தெரியாது.

ரெடிமேடு என்றாலே கலை இல்லையா என்று பேரவையில் ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதிலாக, ஒரு பங்குக் கோவிலில் நடந்ததையே சொல்கிறோம்.

இத்தாலியில் மிலான் நகரின் தென்பகுதியில், மங்கள வார்த்தை மாதாவின் பெயரால் ஒரு கோவில் உண்டு. ஜொவான்னி முசியோ என்னும் கட்டடக் கலைஞர் 1930களில் கட்டியது. அதன் பங்குத் தந்தை ஜூலியோ கிரேக்கோ, 1996இல் அமெரிக்காவிலிருந்த டான் ஃபிளேவின் என்ற கலைஞருக்கு, எங்கள் கோவிலுக்கு ஒளி அமைத்துத் தாருங்கள் என்று கடிதம் எழுதினார். ஃபிளேவின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் குருமடத்தில் படித்து, பின்பு விசுவாச வாழ்விலிருந்து விலகிச் சென்றவர். தம் விளக்குகளில் ஆன்மீகப் பொருள் தேடுவோரிடம், விளக்கு விளக்குத்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று சொல்லிவந்தவர். இளமையில் நியூயார்க்கில் அருங்காட்சியகக் காவலாளியாக நின்றபோதே, சட்டைப்பை நிறைய விளக்குக்கான குறிப்புகளை எழுதி வைத்தவர்.

அவர் விளக்கு எதையும் தாமே செய்ததில்லை. கடையில் விற்கும் டியூப் லைட்டுகள் மட்டுமே அவருடைய சரக்கு. 2, 4, 6, 8 அடி நீளங்கள்; கடையில் கிடைக்கும் சில நிறங்கள். 1963 மே 25 என்று தேதியிட்ட படைப்பில், 8 அடி மஞ்சள் டியூப் ஒன்றைச் சுவரில் சாய்வாகப் பொருத்தினார். அவ்வளவுதான் படைப்பு. எந்த டியூப், எந்த இடம், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று காகிதத்தில் வரைந்து கொடுப்பார், பொருத்துவது எலக்ட்ரீஷியன். பார்த்தீர்களா, இவரும் ரெடிமேடுதான். ஆனால் கடைக்காரர் தீர்மானிக்க வேண்டியதைக் கடைக்காரரிடம் விட்டு, தாம் தீர்மானிக்க வேண்டியதை வேறு எவரிடமும் விடாதவர்.

கடிதம் சேர்ந்தபோது அவர் சர்க்கரை வியாதியால் மிகவும் தளர்ந்திருந்தார். ஆயினும் ஒப்புக்கொண்டார். நடுக்கூடம் முழுதும் பச்சையும் நீலமும். குறுக்குக் கூடத்தில் இளஞ்சிவப்பு. பீடத்திற்குப் பின்னால் பொன்நிறம். இரவிலிருந்து விடியலுக்கும், விடியலிலிருந்து பகலுக்கும் நடந்து போவதுபோல் வாசலிலிருந்து பீடம் வரை. எந்த விளக்கும் சிமிட்டாது. எந்த விளக்கும் ஓடாது. நடப்பது நாம்தான். திட்டத்தை முடித்துக் கொடுத்த இரண்டாம் நாள், 1996 நவம்பர் 29ஆம் தேதி, அவர் காலமானார். ஓராண்டு கழித்து 1997 நவம்பரில் அந்த விளக்குகள் ஏற்றப்பட்டன. அவர் பார்க்கவில்லை. அவருக்குக் கடிதம் எழுதிய சுவாமியாரின் மக்கள் பார்த்தார்கள். இன்றும் அது பங்குக் கோவிலாகவே இருக்கிறது. நம்பிக்கையிலிருந்து விலகிப் போனவரிடம் கோவிலைக் கொடுக்கலாமா என்று அந்தப் பங்கில் யாரேனும் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். நாமாக இருந்தால் கேட்டிருப்போம்.

இப்போது எங்கள் யோசனை.

கோவிலுக்கு உள்ளே சிமிட்டும் விளக்கு வேண்டாம். பீடத்தைச் சுற்றி ஓடும் சீரியல் செட்டுகளை இந்த முறை கட்டாமல், பீடத்திற்குப் பின்னால் அசையாத பொன்நிற ஒளி ஒன்று போதும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சாலையோரத்திற்கும் கோபுரத்திற்கும் ரெடிமேடு விளக்குகளையே எடுத்துக்கொள்ளலாம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

ஆனால் கோவில் வாசலில் ஓர் உருவம் நாமே செய்வோம். மயில் வேண்டாம். தறி செய்வோம். நாடா இடமிருந்து வலம் ஓட ஏழு நிலை; இழைகள் ஏறி இறங்க இரண்டு; மிதிகட்டைக்கு இரண்டு. ஆகப் பதினோரு வரிசை. சட்டம் மட்டும் அணையாமல் எரியும். விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், ஓட்டுவது மர உருளையாக இருக்கட்டும். 12 வோல்ட்டில் ஓடுவதால் பிள்ளைகள் தகட்டை அறைந்து, கழற்றி, மாற்றி அறைந்து பழகலாம், விரலுக்கு ஆபத்தில்லை. நெசவு தெரிந்த பெரியவர்கள் வந்து, நாடா இவ்வளவு வேகமாக ஓடாது தம்பி என்று திருத்தவேண்டும். அந்தத் திருத்தம் எந்த அட்டைப்பெட்டியிலும் வராது.

ஆபத்து என்ற சொல் வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக எங்களுக்கு மனமில்லை. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில், அப்பர் திருவிழாத் தேர் மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. 2025 மார்ச்சு மாதம் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், அந்தோணியார் கோவில் திருவிழா வேலையில் இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் மாண்டார்கள். எங்களைப் போல ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். தேரின் உயரத்தைக் கம்பியின் உயரத்தோடு நாங்கள் முன்கூட்டியே அளந்து எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு மேல் ஒரு பூமாலைகூட ஏறக்கூடாது. தேர்மீது 230 வோல்ட் போகாது, பேட்டரி விளக்குத்தான். இரும்பு ஏணி கிடையாது, மூங்கில் ஏணி மட்டும். தேர் போகும் தெருக்களில் அந்த நேரத்திற்கு லைனை நிறுத்தித் தருமாறு மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கிறோம். அரைமணி நேரம் மின்விசிறி ஓடாது. வீட்டிலிருக்கும் முதியவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்த அரைமணியில் தெரு இருட்டாக இருக்கும். தேர் மட்டும் எரியும்.

எர்த் குழி தோண்ட வரும் சனிக்கிழமை காலை நான்கு பேர் வேண்டும். மண்வெட்டி கோவிலில் இருக்கிறது. உருளைக்கு வேப்பமரம் கொடுப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்துச் சொல்லவேண்டும். திருவிழா இரவு மெயின் சுவிட்சுப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தேரும் தெரியாது, தறியும் தெரியாது. முன்னால் இருப்பது சுவர்தான். அரைமணிக்கு ஒருவராக மாறிக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் கொடுக்கலாம். எட்டு மணியிலிருந்து எட்டரை வரைக்கான இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.